என் மனையில் இரண்டாவது அடுப்பு

ஐப்பசி பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். விடியவிடியப் பெய்த மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்தது. நகரமைப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்றார். அவர் கையில் நான் அச்சடித்த புதுமனை புகுவிழாப் பத்திரிகை. நாலு மூலையிலும் நான் தடவிய மஞ்சள்கூட அழியவில்லை.

வீட்டின் பின்புறம் பன்னிரண்டுக்குப் பதினான்கு அடியில் ஓர் அறை கட்டியிருந்தேன். ஒரு குளியலறை, மூன்றடிச் சமையல் மேடை, தனி வாசல். நிலக்கோட்டையில் மகன் வீட்டில் இருந்த என் தங்கைக்காக. கணவர் போன பிறகு ஆறு வருடமாக, ஒரு டம்ளர் காப்பிக்கும் மருமகள் முகத்தைப் பார்த்து நின்றவள். "எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தாப் போதும்ணே." வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

எங்கள் தெருவில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்பது அப்போதைய விதி. வரைபடம் போட்டவர், "ஸ்டோர் ரூம்னு எழுதிருவோம் சார், யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். முப்பத்தோரு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன், தலையாட்டினேன்.

பால் காய்ச்சாமல் குடிபோக முடியுமா? அறுபது பத்திரிகை அடித்தேன். ஐம்பத்தொன்பது கொடுத்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரோடு சாக்கடைத் தண்ணீருக்காக இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் அடுத்த வீட்டை விட்டுவிட்டுப் பால் காய்ச்சினால் தெருவே பேசும். அறுபதாவதைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, நானும் மனைவியும் நேரில் போய்க் கொடுத்தோம். மூன்றாம் தேதி விழாவுக்கு வந்தார். கேசரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பத்திரிகையைப் புகார் மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டார்.

அலுவலகத்திலிருந்து வந்தவர் கத்தவில்லை. "ஸ்டோர் ரூமுக்கு யாரு சார் பால் காய்ச்சுவாங்க?" என்று மட்டும் கேட்டார். பதினைந்து நாளில் மேடையை இடித்து அடுப்பை எடுக்க வேண்டும். அபராதம் தனி.

பக்கத்து வீட்டுக்காரரைச் சுவரோரம் நின்று கேட்டேன்.

"நான் என்ன பொய்யா எழுதுனேன் சார்? நீங்க அடிச்சதத்தான குடுத்தேன். வாத்தியாரு அடிச்சதுல, ஒரு பிழைகூட இல்ல."

மேடையை இடித்த அன்று என் மனைவி, "நம்ம அடுப்புலயே ஒண்ணாப் பொங்கிக்குவோம்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். தங்கை பையை எடுத்துக்கொண்டாள்.

"இங்கயும் கேட்டுத்தான் குடிக்கணும்னா அங்கயே குடிச்சுக்கிறேண்ணே. மதினி மேல கோவமெல்லாம் இல்ல. வாரேன்."

எட்டு மாதம் கழித்து விதியை மாற்றினார்கள். ஒரே மனையில் பின்னால் சின்னதாக இன்னொரு வீடு இருக்கலாமாம், தனி அடுப்போடு. ஏழு நகல் எடுத்தேன், நாலு நடை நடந்தேன். அனுமதி வந்தது. மேடையை மறுபடி கட்டிவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தேன்.

"போறேன் போறேன்னு அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டு வந்தவ, ஒரு மாசங்கூட ஆகாம திரும்பிப் போயி நின்னேன். மருமக ஒத்த வார்த்தை கேக்கல, அதத்தான் என்னால தாங்க முடியல. இன்னொருக்க எந்திரிச்சு வர எனக்குத் தெம்பு இல்லண்ணே."

அதற்குப் பிறகு நான் அழைக்கவில்லை. அறை பூட்டிக் கிடக்கிறது. கட்டியது, அபராதம், இடித்த கூலி, மறுபடி கட்டிய கூலி, விண்ணப்பக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய்.