லா ஷப்பலில் ஜோசியானின் கடைசிப் போட்டி

போன மார்ச்சில் அலுவலகப் பயிற்சிக்காகப் பத்து நாள் பாரிஸில் இருந்தேன். குத்துச்சண்டை பார்ப்பதெல்லாம் என் திட்டத்திலேயே இல்லை. டிவியில் வந்தாலே சேனலை மாற்றுகிறவள் நான்.

சோற்றுக்காகத்தான் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதிக்குப் போனேன். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அங்கே யாழ்ப்பாணத்துக்காரர் சிவநேசன் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவர்தான் ஜோசியான். கேமரூன் நாட்டுப் பெண், வயது முப்பத்தொன்பது.

"நாளைக்குக் கடை பூட்டு. பிள்ளைக்கு பொக்ஸிங் இருக்கு. நீங்களும் வாங்கோ" என்று ஜோசியானைக் காட்டிச் சொன்னார் சிவநேசன்.

கதையைச் சிவநேசன் தமிழிலும் ஜோசியான் அரைகுறை ஆங்கிலத்திலுமாகச் சொன்னார்கள். துவாலா நகரச் சந்தையில் அம்மாவோடு மீன் விற்றவர், பதினேழு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் கையுறை மாட்டினார். நாட்டு அணியில் இடம் கிடைத்தது. தோள் மூட்டு விலகியதும் அணி கைவிட்டது. பாரிஸிலிருந்த அக்காவிடம் வந்தார். அங்கே தங்குவதற்கான பேப்பர் கிடைக்கும்வரை சில வருடங்கள் மேடையே இல்லை. பிறகு ஸ்தேன் என்ற புறநகரில் ஒரு கிளப்பில் பயிற்சி. நாற்பது வயதானால் அமெச்சூர் போட்டியில் இறங்க முடியாது. ஆக, இதுதான் கடைசி.

பக்கத்து நகராட்சி விளையாட்டுக்கூடத்தில் போட்டி. எதிரில் இருபது வயதுப் பெண். கால் தரையில் பாவவே இல்லை. முதல் சுற்று முழுக்க ஜோசியானின் குத்துகள் காற்றில்தான் போயின. இரண்டாவதில் முகத்தில் வரிசையாக அடி விழ, கயிற்றில் சாய்ந்தார். நடுவர் எட்டு வரை எண்ணினார். பார்க்க முடியாமல் சிவநேசன் வெளியே போய்விட்டார். நானும் எழுந்தேன். அதற்குள் ஜோசியான் நிமிர்ந்து கைகளை உயர்த்திவிட்டார்.

மூன்றாவது சுற்றில் நெருங்கி நின்று விலாவில் குத்தினார். அந்தப் பெண் பின்வாங்கிக்கொண்டே போனாள். நான் தொண்டை கட்டக் கத்தினேன். ஆனாலும் நடுவர் அவள் கையைத்தான் உயர்த்தினார்.

திங்கட்கிழமை மறுபடி சாப்பிடப் போனேன். தான் பார்க்காமல் விட்ட அந்த மூன்றாவது சுற்றைச் சிவநேசன் என்னிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். ஒரு கண் வீங்கி மூடிய நிலையில் ஜோசியான் வேலைக்கு வந்திருந்தார். ஆறுதலாக என்ன சொல்வதென்று நான் ஆங்கிலத்தில் தடுமாறினேன். ஏழு வருடமாக அந்தச் சமையலறையில் இருப்பவர் தமிழிலேயே சொன்னார்:

"தோத்திட்டன் அக்கா. ஆனா விழேல்லை."

குத்துச்சண்டை எனக்கு இன்னும் பிடித்துவிடவில்லை. ஆனாலும் பாரிஸ் போனால் ஒரு ஞாயிறைக் கிளப் போட்டிக்கு ஒதுக்குங்கள். நான் போனதற்கு நுழைவு இலவசம். கூடத்தில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். முன்வரிசை வேண்டாம், அடி விழும் சத்தம் அங்கே நன்றாகவே கேட்கிறது.