மூன்றாவதாக வந்த சிக்னல்

உத்திரமேரூர் ஏரிக்கரைப் பக்கத்துக் காலனியில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். என்னைப் படிக்கவைத்தது அண்ணன். பத்தாவதோடு நின்று சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். நான் படிப்பை முடித்து, போக்குவரத்துத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சென்னைக் கம்பெனியில் சேர்ந்தேன். அந்த வருஷ மழைக்காலத்தில், வேலை விட்டு ரோட்டைத் தாண்டும்போது ஒரு வேன் அண்ணனை அடித்துப் போட்டது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பினார்.

அடுத்த வருஷம் எங்கள் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. நகரத்தில் செய்ய நினைத்த திட்டங்களில் எதை முதலில் செய்யலாம் என்று வரிசைப்படுத்தித் தர வேண்டும். நெரிசலைப் பார்த்துத் தானே மாறும் சிக்னல், பஸ் எப்போது வரும் என்று காட்டும் பலகை, நடப்பவர்கள் பொத்தானை அழுத்தினால் வண்டிகளை நிறுத்தும் சிக்னல், இப்படி. செலவு, மிச்சமாகும் நேரம், பாதுகாப்பு, புகை ஆகியவற்றை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, எது எவ்வளவு முக்கியம் என்று மதிப்புப் போட வேண்டும். பொத்தான் சிக்னலுக்குக் குறித்திருந்த இடங்களில் அண்ணன் அடிபட்ட ரோடும் இருந்தது.

பாதுகாப்பையும் நேரத்தையும் எதிரெதிரே வைத்ததும் எனக்குக் கை ஓடவில்லை. பாதுகாப்புக்குக் கூட்டிப் போட்டால் அண்ணனுக்காகப் போட்டதாகிவிடும். குறைத்தாலும் அவரை நினைத்துத்தான் குறைப்பேன். மேலதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“சொன்னது நல்லதும்மா. இந்தப் பகுதியை வேற ஒருத்தர் பாக்கட்டும்” என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

என் இடத்தில் உட்கார்ந்தவர் தினமும் காரில் நெரிசலில் மாட்டி, எரிச்சலோடு ஆபீசுக்கு வருகிறவர். நேரத்துக்கு மதிப்புப் போடுவதிலிருந்து அவரை யாரும் விலகச் சொல்லவில்லை. அது எனக்கு அன்றைக்கே உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை.

பொத்தான் சிக்னல் மூன்றாவதாக வந்தது. முதல் இரண்டுக்குத்தான் பணம். கணக்கை நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தப்பே இல்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா, மூஞ்சி வாடிக் கீது?”

எல்லாவற்றையும் சொன்னேன்.

“யாரும் ஏமாத்தலையே?”

“இல்லண்ணா. கணக்கு சரியாத்தான் கீது.”

“அப்பறம் இன்னா?”

“நானே போட்டிருந்தா மொதல்ல வந்திருக்குமோ இன்னாவோ.”

அண்ணன் காலை மாட்டி வாரை இறுக்கினார்.

“என்கூட சித்தாள் வேலை பாத்த பொம்பளைங்க இன்னும் அந்த ரோட்டத்தான் தாண்டிக்கினு கீறாங்க, கொயந்தைய இடுப்புல வெச்சிக்கினு. நீ சொல்லாம இருந்திருக்கலாம் பாப்பா.”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நான் செய்தது சரி என்றுதான் ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அந்த ரோட்டுக்கு சிக்னல் வரச் சில வருஷம் ஆயிற்று. அதற்குள் அங்கே யார் யார் விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.