நயினார் பார்க்காத முதுகு

குற்றாலத்துப் பெரிய அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவர் நயினார். வீடு தென்காசியில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறோ முப்பத்தேழோ இருக்கும். சாரல் தொடங்கிவிட்டால் அவர் கைக்கு ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். பாறையில் குப்புறப் படுத்தவரின் பிடரியில் கட்டைவிரலை வைத்து, முதுகெலும்பில் கணுக் கணுவாக இறங்குவார். கழுத்தில் ஏழு கணு. விலா பிடித்திருக்கிற இடத்தில் பன்னிரண்டு. இடுப்பில் ஐந்து. அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன எலும்பு, கடைசியில் வால்போல ஒரு துண்டு. ஆண்டவன் கோத்த உருத்திராட்ச மாலை என்பார்.

"அண்ணாச்சி, ஒரு பக்கமாவே மூட்டை சுமப்பீகளோ? தோள்பட்டை ஒண்ணு ஏறிக் கிடக்கே?" என்பார். படுத்திருப்பவர் அசந்துபோவார். நயினாருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் மகள் வள்ளித்தாயைப் பெண் பார்க்க, வடகரையிலிருந்து நல்லகண்ணு என்பவரும் அவர் மனைவி சங்கரம்மாளும் வந்தார்கள். நெல் விளைவிக்கிற குடும்பம். வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு, வழக்கப்படி வள்ளித்தாய் அவர்கள் காலில் விழக் குனிந்தாள். நின்றபோது சேலை மறைத்திருந்தது. குனிந்ததும் வலப்பக்க விலா மட்டும் மேடாக எழும்பியது. ஆசீர்வாதம் பண்ண நீண்ட சங்கரம்மாளின் கை அங்கேயே நின்றது.

"ஏட்டி, முதுகுல இது என்னது?"

பெண் தலை தூக்கவில்லை. நல்லகண்ணு சிரித்தார். "ஊர் முதுகையெல்லாம் தடவிக் குத்தம் சொல்லுத ஆளு! சொந்த வீட்டு முதுகு தெரியலையோ? இல்ல, தெரிஞ்சேதான் எங்க தலையில கட்டப் பாத்தீரோ?"

தெரியும் என்றால் ஏமாற்றுக்காரர். தெரியாது என்றால் அந்தக் கைக்கு என்ன பேர்? நயினார் வாயில் பொய் வந்தது. "குடம் தூக்குனதுல சுளுக்கு. சாரல் முடியுததுக்குள்ள தடவி நேராக்கிருதேன்."

"அப்பம் நேரானபிறவு பாப்போம்" என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

உண்மையில் அவருக்குத் தெரியாது. பெண் பெரியவளானபின் தகப்பன் அவள் முதுகைத் தொடுவதுமில்லை, பார்ப்பதுமில்லை. மனைவி குருவம்மாளைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருசமாத் தெரியும். வயசுப்பிள்ளை முதுகை ஒங்ககிட்ட எப்பிடிக் காட்டச் சொல்லுவேன்? ரவிக்கையைத் தொளதொளன்னு தைச்சு ஒப்பேத்துனேன்."

மகள் முதுகில் குருவம்மாளைக் கை வைக்கச் சொல்லிவிட்டு, நயினார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "பிடரியிலருந்து வெரலை எறக்கு. நேரா வருதா?"

"கழுத்து நேராத்தான் இருக்கு. தோள்பட்டைக்கு நடுவுல, இங்கன, வலப்பக்கம் ஒதுங்குது."

"பிறவு?"

"இடுப்புக்கிட்ட இடப்பக்கம் திரும்புது."

"குனியச் சொல்லு. அந்த மேட்டை அமுக்கு."

"அமுக்காதம்மா, வலிக்கி" என்றாள் வள்ளித்தாய்.

சுவரைப் பார்த்தபடியே நயினார் கூசிப்போனார். யாரென்றே தெரியாதவர் வந்து படுத்தாலும் எங்கே வலி என்றுதான் முதலில் கேட்பார். மகளிடம் அதைக் கேட்கவில்லை.

அது சுளுக்கில்லை. முதுகுத்தண்டு வளரும்போதே வளைந்து திருகி, கூடப் பிடித்திருந்த விலாவையும் திருப்பிவிட்டது. எண்ணெய் சதையை இளக்கும், எலும்பைத் திருப்பாது. அவருக்கு இது நன்றாகத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் உலகம்மன் சந்நிதியில் நின்றார். அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதத்தை மட்டும் கும்பிட்டுவிட்டு வடகரைக்கு நடந்தார். நல்லகண்ணு வீட்டு வாசலில் நின்று, தான் சொன்னது பொய், அது நேராகாது என்று சொன்னார். "சரி, போயிட்டு வாரும்" என்றார் நல்லகண்ணு. உள்ளே கூப்பிடவில்லை.

பாரம் இறங்கிவிட்டது என்று வீட்டுக்கு வந்து சொன்னார். வள்ளித்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போயி எம் முதுகைப் பத்திப் பேசுனீகளாக்கும்?"

"உள்ளதைச் சொல்லிட்டேன் தாயி."

"பொய்யும் நீங்களே சொன்னீக. உள்ளதையும் நீங்களே சொன்னீக. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா அய்யா?" சுளகைக் கீழே வைத்தாள். "இனி யாரு வந்தாலும் நானே சொல்லிக்கிடுதேன்."

தை மாதம் சிவகிரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காலில் விழுவதற்கு முன்னால், நின்றபடியே, வள்ளித்தாய் தன் முதுகைப் பற்றிச் சொன்னாள். குடம் தூக்குவேன், ரொம்ப நேரம் குனிந்து நாற்று நட முடியாது என்றாள். மாப்பிள்ளையின் தாய் இரண்டு கேள்வி கேட்டாள். அதற்கும் அவளே பதில் சொன்னாள். நயினார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துச் சம்மதம் என்று ஆள் வந்தது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் மகள் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்கு வெகுநாள் ஆயிற்று.