லிஃப்டில் வந்த ஆங்கிலம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, டெல்லி முனிர்காவில் என் வாடகை அறையில் முடங்கிக் கிடந்தேன். தேர்வாளரைப் பார்த்தாலே மனப்பாடம் செய்த பதில்கள் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாம் முறை போனபோது, தேர்வு மையத்தின் லிஃப்ட் பாதியில் நின்று இருட்டாகிவிட்டது. உள்ளே நானும், தேர்வுக்கு வந்திருந்த ஒரு மிசோரம் பெண்ணும் மட்டும்தான். அவள் மூச்சு வாங்க என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பையா, ஜல்தி கோலோ!" என்று, சீக்கிரம் திறக்கச் சொல்லி இந்தியில் கத்திக் கதவைத் தட்டினேன். கொஞ்சம் பொறுக்கும்படி வெளியிலிருந்து யாரோ சொன்னார்கள். அவளுக்கு அந்த இந்தி புரியவில்லை, அழ ஆரம்பித்தாள்.

எனக்கும் பயம்தான். ஆனாலும் அவளைத் தேற்ற, வாய்க்கு வந்த ஆங்கிலத்தில் பேசினேன். அம்மா தினமும் போனில் "சாப்பிட்டியாடி?" என்று கேட்பதையும், பட்டினியோடு "ஆச்சும்மா" என்று நான் புளுகுவதையும் சொன்னேன். இலக்கணம் எங்கெங்கோ போனது. அவள் அழுகையோடு சிரித்தாள்.

"நானும் அதே பொய்தான் சொல்வேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

கதவு திறந்ததும் நேரே தேர்வறைக்கு ஓடினேன். தேர்வாளர் எனக்குப் பிடித்த ஊரைப் பற்றிக் கேட்டார். மனப்பாடப் பதிலை ஒதுக்கினேன். எதிரில் அந்தப் பெண் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினேன். தேவையான மதிப்பெண் கிடைத்தது.

அதுவரை நான் ஆங்கிலத்தில் பதில் மட்டுமே சொல்லியிருக்கிறேன், ஒரு மனுஷியிடமும் பேசியதில்லை.