சீமெந்து முற்றத்தில் ஓர் ஓணான்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீடு மெற்றில்டா அக்காவுடையது. மூன்று தடவை கரு கலைந்து, பிள்ளையில்லாமல் இருந்தவ. அவவின் முற்றத்து மண்ணில் ஓர் ஓணான் வருஷா வருஷம் முட்டையிடும். பூனையைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டா.

கோயிலிலிருந்து மாதா சுரூபம் வீடு வீடாக வரும்போது சனம் சேற்றில் முழந்தாளிடக்கூடாதென்று, மாதக்கணக்கில் முந்தியே புருஷன் ஒஸ்வால்ட் முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டார்.

“ஓணான் எங்க போகும்?” என்று அக்கா கேட்டா.

“அதுக்கும் மாடியில ஒரு பிளட் வீடு வாங்கிக் குடுப்பம்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்பவும் பற்றிக்கொண்டு வரும்.

ஓணான் சீமெந்தைப் பிறாண்டிப் பார்த்துவிட்டு, குரோட்டன் செடி வைத்த சாடிக்குள் முட்டையிட்டது. அந்த வருஷம் மழை பிந்தியது. நிழல் தந்த பக்கத்துக் காணி மாமரத்தையும் பிளட் கட்டத் தறித்துவிட்டார்கள். சீமெந்தோடு சாடியும் கொதித்தது. தண்ணீர் விட்டால் முட்டை அழுகிவிடும் என்று பயந்து அக்கா ஒரு சொட்டும் விடவில்லை. கடைசியில் கிளறிப் பார்த்தபோது எல்லாம் சுருங்கிக் காய்ந்து கிடந்தன.

சுரூபம் வந்த அன்று பின்னேரம் எல்லாரும் முழந்தாளிட்டோம். அக்கா மட்டும் நின்றா. நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“சீமெந்து சுடுது” என்றா.

அது எப்போதோ ஆறியிருந்தது.