பேச்சியக்காவின் கட்ட எழுத்து

செவ்வாய்க்கிழமை காலை குழாயடியில் நின்றிருந்தேன். பேச்சியக்காவின் மருமகள் வந்து, "சித்தி, அத்தை போயிட்டாவ" என்றாள். நான் முதலில் குழாயைத்தான் மூடினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். சங்கரன்கோவில் தறிக்கூடத்தில் அக்காவோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

துண்டில் பெயர் நெய்ய வேண்டுமென்றால் அக்காதான் கட்டத்தாளில் எழுதுவாள். ஒவ்வொரு கட்டமாக மை நிரப்புவாள். வளைவே இருக்காது. செங்கல் அடுக்கியது மாதிரி தடித்த எழுத்து. ஏன் இவ்வளவு முரடாக எழுதுகிறாய் என்று கேட்டேன். "நூலுக்கு வளையத் தெரியாதுட்டி. நேராப் போவும், குறுக்கப் போவும். அதுக்குத் தெரிஞ்சதத்தான் நாம எழுதணும்" என்றாள்.

கடையநல்லூர் பஸ்ஸில் ஒருநாள், துபாயிலிருந்து வந்த ஒருவர் கையில் எண் மின்னுகிற கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, எவனோ என் எழுத்தக் களவாண்டுட்டான்!" பஸ்ஸே சிரித்தது.

அவள் நிரப்பிய கட்டத்தைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோர்ப்பது என் வேலை. அந்தத் துளைப்படிதான் தறியில் எழுத்து விழும்.

ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயர் போட்டு நூறு துண்டு கேட்டார்கள். எங்கள் தறியில் துணி குப்புறத்தான் விழும். மேலிருந்து பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறித் தெரிய வேண்டும். அன்று நேராகத் தெரிந்தது. புதிதாக வந்த நெசவாளி சந்தோஷமாக நெய்துகொண்டே போனார். அறுத்து விரித்தால் நூறு துண்டிலும் பெயர் திரும்பிக் கிடந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள்.

"செஞ்சவ யாரு? இனிமே இங்கன கால் வைக்கக் கூடாது" என்று முதலாளி கத்தினார்.

அட்டையை முகம் மாற்றிக் கோர்த்தவள் நான். வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தார், இரண்டு பிள்ளைகள். அக்கா, சரியாக எழுதியிருந்த தன் தாளை யாரும் பார்க்குமுன் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாந்தான் அண்ணாச்சி. எழுதையிலயே மாத்திட்டேன்."

"ஒன்ன விட்டா எழுத ஆளில்லன்னு தைரியம், என்ன?"

"ஆமா, அதுவுந்தான்."

மறுபடி நெய்து கொடுத்தோம். அன்றிலிருந்து அவள் எழுதுகிற தாளையெல்லாம் கணக்கப்பிள்ளை கண்ணாடியில் காட்டிப் பார்த்த பிறகே விடுவார். எல்லோரும் அவளை 'கண்ணாடிப் பேச்சி' என்றார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் பழியை ஏற்ற அன்று தறிக்கூட வாசலில் அவள் கையைப் பிடித்து அழுதேன். "விடுட்டி. என்னய வையலாம், வெரட்ட முடியாது. ஒன்னய வெரட்டிருவாவல்லா. ஒன் வீட்டுக்காரரு எந்திரிச்சு நடக்கட்டும், பொறவு சொல்லு" என்றாள்.

அவர் எழுந்து நடந்தார். பிள்ளைகளும் வளர்ந்தார்கள். நான் சொல்லவில்லை. அவளும் ஒருநாளும் கேட்கவில்லை.

அக்காவைக் கிடத்தியிருந்த துஷ்டி வீட்டிலும் ஒருவர், "கண்ணாடிப் பேச்சி போயிட்டாளே" என்றார். அவரும், அவளை அறிந்த மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். அக்கா எழுதியதில் ஒரு கட்டம்கூடத் தவறியதில்லை. தப்பு என்னுடையது. அவளிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொள்வது இந்தப் பழி ஒன்றைத்தான். அவள் சுமந்தது போதும்.