தூக்கிக் கட்டிய ஜீப்பின் பின்பக்கம்

தோட்டத்து ஜீப்பில் முன் இருக்கையில் நான் உட்கார்ந்தது மிகக் குறைவு. மருத்துவிச்சிக்கு இடம் பின்னால், நோயாளியின் தலைமாட்டில். அந்த வண்டி எப்படி ஓடியது என்று கேட்டால், பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தவளின் பதிலைத்தான் என்னால் சொல்ல முடியும்.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே இருந்தது. தொழிற்சாலையும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் என்னுடைய வீடும் கீழே. தொழிலாளர் குடியிருக்கும் மேல் டிவிசன் லயங்கள் மலை விளிம்பில். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து, மேலே ஏறும் குறுக்குப்பாதை அப்படியே ஓடைக்குள் போய்விட்டது. மிஞ்சியது சுற்றிப் போகும் வண்டிப்பாதை மட்டும். அதிலும் பாறைகள் புரண்டு கிடந்தன. யுத்த காலத்துப் பழைய ஜீப், வயிறு கல்லில் இடித்து நடுவழியில் நின்றுவிடும். அதைத் தூக்கிக் கட்டும்படி தோட்டத்தை நடத்தும் பெரிய துரை சொன்னார். பட்டறையில் ஸ்பிரிங்குகளுக்குக் கூடுதல் பட்டை வைத்து, பெரிய டயர் மாட்டி, அரைச் சாண் உயர்த்தினார்கள்.

வண்டி பாறையைத் தாண்டியது. ஆனால் பின்னால் இருந்த ஷொக் அப்சோபர் இரண்டும் பழைய உயரத்துக்கு உள்ளவை. சக்கரம் குழியில் தொங்கும்போதெல்லாம் நீளம் போதாமல் இழுபட்டு, ஒன்று, மாட்டுகிற வளையக் காதோடு பிய்ந்தது. மற்றது எண்ணெயைக் கக்கிவிட்டுச் செத்தது. ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குவது அந்தக் குழாய்கள்தான். அவை இல்லாமல் வண்டியின் பின்பக்கம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால் மறுபடி மறுபடி குதித்தது.

அந்த நிலையில் மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியை, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று கீழே கொண்டுவந்தேன். பாதை ஓடையைக் கடக்கும் மதகுக்குப் பக்கத்தில் பின்பக்கம் எகிறியதில் இரண்டு பேரும் கூரைக் கம்பியில் இடித்து விழுந்தோம். அதற்குப் பிறகு அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. வண்டியில் ஏற்றும் முன்பே அது போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மதகுக்கு முன்னால் என் உள்ளங்கைக்குக் கீழே அது அசைந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் தங்கச்சியை மேல் டிவிசனில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுடைய முதல் பிள்ளையை வயிற்றைக் கீறி எடுத்தார்கள், அது தங்கவில்லை. மறுபடி உண்டானபோதே டாக்டர் எச்சரித்திருந்தார். வலி எடுக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். லயத்தில் வைத்துக்கொண்டிருந்தால் பழைய தையல் உள்ளேயே பிரிந்துவிடும். ஏழாம் மாதத்திலேயே அவளைக் கீழே கொண்டுவந்து என்னோடு வைத்துக்கொள்ள நினைத்தேன். மண்சரிவு முந்திக்கொண்டது. கால் இரண்டும் வீங்கிப் போய் அவளால் முற்றத்தைக் கடக்கவே முடியவில்லை. கட்டிலில் வைத்துத் தூக்கி வரலாம் என்றால், அந்தப் பாறைகளில் அப்படி ஒரு கிழவரைத் தூக்கி வந்தவர்களில் ஒருவனுக்குக் கால் முறிந்திருந்தது.

"வண்டியில வந்துரு," என்றேன்.

"அதுல ஏற மாட்டேன்க்கா," என்றாள். "அந்த அக்கா வயித்தோட போச்சு. வெறுங்கையோட வந்து எறங்குனத நான் பாத்தேன். செத்தாலும் இந்த லயத்துக் காம்பராவுலேயே சாகிறேன்."

அந்தப் பின்பக்கத்தில் இருந்தவள் நான். அன்று வண்டியை ஓட்டிய டிரைவர் அண்ணனிடம் நேராகப் போனேன். அவர் நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். மதகு விபத்துக்குப் பிறகு யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசுவதையே விட்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்மா," என்றார். "புது ஷொக் அப்சோபர் கேட்டுக் கொழும்புக்கு எழுதிப் போட்டாச்சு. வெளிநாட்டுச் சாமான் இப்ப வாரதில்லைங்கிறான். துரைகிட்டயும் கேட்டேன். அட்டன்ல கெடைக்கிறதப் போட்டுக்கன்னுட்டாரு."

மறுநாளே அட்டன் பட்டணத்துக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குக் கீழே நானா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளி பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். அண்ணன் இரண்டு மூங்கில் குச்சிகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று சக்கரம் தொங்கும்போது உள்ள நீளம், மற்றது பாரம் ஏறி அமுங்கும்போது உள்ள நீளம். இந்த இரண்டுக்கும் பொருந்தாத எதை மாட்டினாலும் பிய்ந்து போகும் என்றார்.

நானா தேடித் தேடி மூன்று ஜோடி எடுத்துப் போட்டார். முதல் ஜோடி எங்கள் ஜீப்புக்கே உரியது, பெட்டி பிரிக்காதது. பெரிய குச்சியைப் பக்கத்தில் வைத்ததுமே அண்ணன் அதைத் தள்ளிவிட்டார். உயர்த்திய வண்டிக்கு எட்டாது. இரண்டாவது லொறியில் போடுகிறது. புதியது, நீளம் சரியாக இருந்தது. மூன்றாவது ஏதோ பெரிய காரிலிருந்து கழற்றியது. அதற்கும் நீளம் சரி. ஆனால் காது பெரிது, மேலெல்லாம் துரு.

நானா லொறிச் சாமானைத் தரையில் நிறுத்தி, இரண்டு கையாலும் ஊன்றி அமுக்கினார். அது அசையவே இல்லை. காருடையதை அமுக்கியபோது மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறியது.

"இதுக்குள்ள எண்ணெ எவ்வளவு மிச்சம்னு எனக்கும் தெரியாது," என்றார் நானா. "ஒரு வருசமும் ஓடும், ஒரு நாள்லயும் போகும். பொய் சொல்லி விக்க மாட்டேன்."

"எனக்கு அந்த மெதுவா எறங்குறதுதான் வேணும்," என்றேன்.

அண்ணன் தலையை ஆட்டினார். "வழியில போயிருச்சுன்னா? திரும்பவும் அதே மதகு. லொறிச் சாமான் ஒடையாதும்மா. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, காருடைய ஜோடியை நானே தள்ளி வைத்தேன். லொறிச் சாமானையே வாங்கி வந்தோம்.

மாட்டி முடித்த அன்று நானே பின்னால் ஏறினேன். உட்காராமல், நோயாளி படுக்கிற மெத்தையில் மல்லாந்து படுத்தேன். மேல் டிவிசன் பாதையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. துள்ளல் இல்லை, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கல்லும் மெத்தையைத் துளைத்துக்கொண்டு முதுகெலும்பில் வந்து இடித்தது. பல்லைக் கடித்துப் பார்த்தேன். வயிற்றில் பிள்ளை இல்லாத எனக்கே அடிவயிற்றில் வலி குத்தியது. தகரத்தைத் தட்டி வண்டியை நிறுத்தினேன்.

"நீங்க படுங்கண்ணே," என்றேன். "நான் ஓட்டத் தெரியாதவ. வேற யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு நீங்க படுத்துப் பாருங்க."

அவர் படுக்கவில்லை. என் நெற்றியில் இருந்த வியர்வையைப் பார்த்தார். வண்டியை அங்கேயே திருப்பினார்.

காருடைய ஜோடி கடையில் அப்படியே கிடந்தது. துரு பிடித்த சாமானை யாரும் தொடவில்லை போலும். நானா ஒன்றும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். காது பெரிதாக இருந்ததால் அண்ணன் பழைய டயர் ரப்பரை வட்டமாக வெட்டி உள்ளே செருகி இறுக்கினார். அவர் அதைச் செய்துகொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. காலையில் மேலே போவதென்று பேசிக்கொண்டோம்.

காலையில் நாங்கள் போய்ச் சேரும்போது தங்கச்சிக்கு வலி தொடங்கியிருந்தது.

அவளுடைய புருசன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பழைய தழும்பின் மேல் விரல் பட்டதும் அவள் கத்தினாள். வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. கம்பளியில் வைத்துத் தூக்கி ஏற்றினோம்.

முதல் வளைவு வரை வண்டி நன்றாக வந்தது. பாறைகளில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்து அடங்கியது. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லக்கா, தாங்குது," என்றாள். நான் நம்பத் தொடங்கினேன். இரண்டாவது வளைவுக்குப் பிறகு ஒரு குழியில் சக்கரம் இறங்கியபோது கீழே 'சொத்' என்று ஒரு சத்தம். அடுத்த கல்லில் பின்பக்கம் ஒரு பக்கமாகத் தூக்கி எறிந்தது. அவள் அலறினாள்.

அண்ணன் இறங்கிக் குனிந்து பார்த்தார். எழுந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"ஒண்ணு எண்ணெய விட்டுருச்சு," என்றார்.

"மெதுவா ஓட்டுங்க."

"மெதுவாப் போனாலும் ஸ்பிரிங்கு தூக்கித் தூக்கி அடிக்கும்மா. மூட்ட ஏத்துற வண்டிக்குப் போடுற பட்டை அது. பாரம் இருந்தாத்தான் அடங்கும்." சுற்றிலும் பார்த்தார். ஏற்றுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? கல்லை ஏற்றினால் அவள் மேலேயே உருளும்.

மழைக்குள் நின்று சாமியை அழைத்தேனா, திட்டினேனா என்று இப்போது ஞாபகமில்லை. அப்போதுதான் பாதைக்கு மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். தங்கச்சியின் அலறலைக் கேட்டு எல்லோரும் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கடி," என்று கத்தினேன். "எறங்கி வாங்க. வண்டியில வந்து உக்காருங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. வண்டிக்குப் பாரம் வேண்டும், இல்லாவிட்டால் இவள் செத்துவிடுவாள் என்று சொன்னேன். கங்காணி, "யாரும் எறங்கக் கூடாது, எறங்குனா அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான்," என்றார். ஒரு பெண் கூடையைத் தலையிலிருந்து கழற்றிச் செடி மேல் வைத்துவிட்டு இறங்கினாள். மதகுக்குப் பக்கத்தில் என்னோடு கூரையில் இடித்து விழுந்தவள் அவள்தான். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குகளோடு, சேற்றுக் காலோடு, தகரப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இடமில்லாதவர்கள் பின் கதவில் தொற்றிக்கொண்டார்கள். வண்டி கண் முன்னாலேயே கீழே தணிந்தது. மெத்தையை எடுத்துவிட்டு, தங்கச்சியை அவர்களுடைய மடிகளின் மேல் நீளமாகக் கிடத்தினோம். முதலில் இறங்கியவள் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

மதகு வரும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கச்சியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "இந்தா தாண்டிருச்சு, இந்தா தாண்டிருச்சு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி ஆடியது, குதிக்கவில்லை. ஒவ்வொரு அடியையும் அந்த மடிகள் வாங்கிக்கொண்டன.

தார் ரோட்டுக்கு வந்ததும் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். மழையில் மறுபடி அத்தனை தூரமும் நடந்து ஏற வேண்டும். அன்று அவர்கள் எல்லோருக்கும் அரைப்பேர்தான் விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் அவளை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். டிரைவர் அண்ணனும் நானும் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய கையில் கரி எண்ணெய் அப்படியே காய்ந்திருந்தது. "லொறிச் சாமானே இருந்திருக்கலாமோ," என்று ஒரு தடவை கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

தையல் பிரியத் தொடங்கியிருந்தது என்று டாக்டர் சொன்னார். பிள்ளை பெண். நீலம் பூத்துப் பிறந்து, நர்சுகள் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, எல்லோரும் கைவிடும் நேரத்தில் அழுதது. தங்கச்சிக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு காய்ச்சல் கண்டு, யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண் ஒருத்தி, தன் பிள்ளைக்குக் கொடுத்த பிறகு எங்கள் பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். நான் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தேன். ஒவ்வொரு காலையும் நர்ஸ் தங்கச்சியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும்போது எழுந்து நிற்கப் பயந்தேன். ஒரு நாள் அவள் கண்ணைத் திறந்து, கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்றாள். நான் வெளியே போய் நடையில் உட்கார்ந்து அழுதேன்.

நாங்கள் திரும்பிய பிறகு டிரைவர் அண்ணன் துரையிடம் போய் நின்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஜீப்பிலிருந்து அந்தக் கூடுதல் பட்டைகளைக் கழற்றி, வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கினார்கள். நானா கடையில் கிடந்த பெட்டி பிரிக்காத ஜோடியை வாங்கி மாட்டினார்கள். இறக்கிய வண்டி இடிக்காமல் போகும்படி பாதையில் கிடந்த பாறைகளை உடைக்க ஆள் விட்டார்கள். மழைக்காலம் முடியும்வரை அந்த வேலை நடந்தது. அது முடியும் முன்பே, பாதிப் பாறைகள் வழியில் கிடக்கும்போதே, மேல் டிவிசனில் இன்னொருத்திக்கு வலி கண்டது. டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.